நாய்க்கு எதிரா தூக்கின கை

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. இப்பவும் வந்திருக்க மாட்டேன். ஆனா போன ஞாயித்துக்கிழமை எங்க அபார்ட்மெண்ட் அசோசியேஷன் மீட்டிங்ல நடந்த ஒரு விஷயம் நாலு நாளா தொண்டையில மீன் முள்ளு மாதிரி குத்திக்கிட்டே இருக்கு. இங்க வந்து துப்பிட்டுப் போயிரலாம்னு வந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கிடுங்க.

நாகர்கோவில்ல நாங்க இருக்கது மூணு மாடிக் கட்டடம். மொத்தம் 24 வீடு. மீட்டிங்ல மூணு விஷயம். முதல்ல சம்ப் கழுவுறது, ரெண்டாவது விருந்தாளி வண்டி எங்க நிறுத்துறது, மூணாவது நாய். முதல் ரெண்டுக்கும் ஒண்ணரை மணி நேரம் சண்டை. மூணாவது அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிட்டு. செயலாளர் அண்ணாச்சி வாசிச்ச தீர்மானம் இதுதான்: "இக்கட்டடத்தில் இனி எவரும் நாய் வளர்க்கக் கூடாது. தற்போது வளர்ப்பவர்கள் 30 நாட்களுக்குள் அப்புறப்படுத்த வேண்டும்."

"வளர்ப்பவர்கள்"னு பன்மை. கட்டடத்துல இருக்கதே ஒரே ஒரு நாய். ரெண்டாவது மாடியில தனியா இருக்க ரிட்டயர்டு டீச்சரோட ஜிம்மி. வெள்ளை ஸ்பிட்ஸ், நம்ம ஊர்ல எல்லாரும் பொமரேனியன்னு சொல்லுவோமே அந்தச் சாதி. பதினோரு வயசு. ஒரு கண்ணுல புரை. படி ஏற முடியாது, டீச்சர்தான் தூக்கிட்டுப் போவாங்க. அந்தக் கிழட்டு நாயை "அப்புறப்படுத்த"ணுமாம். பழைய சோபாவா அது?

"ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க"ன்னாரு. பதினேழு கை.

அதுல ஒண்ணு என்னோடது.

ஆமா, நான்தான் தூக்கினேன். ஏன் தூக்கினேன்னு சொல்லிட்டே பேச்சை ஆரம்பிக்கணும். இல்லாட்டா இதுக்கு மேல எழுதப்போற ஒரு வரிக்கும் எனக்கு யோக்கியதை கிடையாது.

எங்க மகளுக்குப் பத்து வயசு. ஒரு வருஷமா "ஒரே ஒரு சின்ன நாய்க்குட்டிப்பா"ன்னு நச்சரிப்பு. தங்கமணி "உங்கப்பா என்ன சொல்லுகாரோ அதுதான்"னு தப்பிச்சிட்டா. வேணும்னும் சொல்ல முடியல, வேண்டாம்னும் சொல்ல முடியல எனக்கு. தீர்மானம் வாசிச்சப்போ மனசுக்குள்ள ஒரு மணி அடிச்சுது: "அப்பாடா, இனிமே அசோசியேஷன்ல விட மாட்டாங்க மக்களேன்னு சொல்லிரலாம்." அவ்வளவுதான் காரணம். என் வீட்டுல நான் எடுக்க வேண்டிய முடிவை, டீச்சர் வீட்டு நாயைப் பலி கொடுத்து முடிச்சுக்கப் பார்த்தேன். டீச்சர் ஒரு வார்த்தை பேசல. பையை எடுத்துக்கிட்டு மேல போயிட்டாங்க.

ராத்திரி மகள் கேட்டா: "அப்பா, நீங்களும் கை தூக்கினீங்களா?"

இனி விஷயத்துக்கு வாறேன். மீட்டிங்ல ஆளாளுக்குச் சொன்னதை ஒவ்வொண்ணா எடுத்துக்கிடுவோம். அன்னைக்கு நானும் இதுக்கெல்லாம் தலையாட்டினவன்தான். அதனால அடி எனக்கும் சேர்த்துத்தான்.

"மெஜாரிட்டி முடிவாக்கும், தம்பி"

சம்ப் எப்போ கழுவணும்னு மெஜாரிட்டி முடிவு பண்ணலாம். ஒரு வீட்டுக்குள்ள யார் நாய் வச்சுக்கலாம்னு முடிவு பண்ண முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரி 26-ந் தேதி ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கு. குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்க்கதைத் தடை செய்ய முடியாது, பெரும்பான்மை ஓட்டு வாங்கி விதியைத் திருத்தினாலும் முடியாது, நாயைக் கூட்டிட்டு லிஃப்ட்ல ஏறாதேன்னும் சொல்ல முடியாதுன்னு அதுல தெளிவா இருக்கு. நமக்கு அடுத்த வீடான கேரளாவுல 2021-ல ஹைகோர்ட்டும் இதைத்தான் சொல்லிச்சு: செல்லப்பிராணி கூடாதுன்னு சங்கம் போடுற நிபந்தனை செல்லாது. அந்தத் தீர்ப்பு நம்ம ஊர் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாதுதான். ஆனா களியக்காவிளை தாண்டினா செல்லாத தீர்மானம் இந்தப் பக்கம் மட்டும் எந்த நியாயத்துல செல்லுமாம்?

இன்னொண்ணு. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11-ம் பிரிவுல, பசி தாகத்துல வாட விடுற மாதிரி ஒரு மிருகத்தைக் காரணமில்லாம கைவிடுறதே குற்றம்னு எழுதியிருக்கு. கண்ணு தெரியாத பதினோரு வயசு நாயை எந்தப் புண்ணியவான் வாங்கிக்கிடுவான்? முப்பது நாள்ல அப்புறப்படுத்துன்னா, கடைசியில அது எங்கயாவது ஒரு குளத்தங்கரையில கொண்டு போய் விடுறதுலதான் முடியும். அதாவது ஒரு ரிட்டயர்டு டீச்சரைக் குற்றம் பண்ணச் சொல்லி பதினேழு பேரு கை தூக்கியிருக்கோம். ஞாயித்துக்கிழமை காலையில, காப்பி குடிச்சுக்கிட்டே.

"பிளாட்ல நாய் வளர்க்கது பாவம் வே, அதுக்கு மண்ணு வேணும், முற்றம் வேணும்"

இதைச் சொன்னது ஒண்ணாவது மாடி அண்ணாச்சி. கேக்க நல்லாத்தான் இருக்கு. நாய் மேல கருணை வச்சு நாயை வெளிய அனுப்புற வித்தை இது. இவ்வளவுக்கும் எங்க கட்டடம் நிக்கிற இடமே ஒரு காலத்துல நெல்லு விளைஞ்ச வயல். வயலை நிரவி பிளாட் கட்டினப்போ மண்ணு வேணும், முற்றம் வேணும்னு யாருக்கும் தோணல.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிடுறேன். எங்க ஊரு தேரூர்ப் பக்கம். ஓட்டு வீடு, பெரிய முற்றம், தொழுவம், வைக்கப்படப்பு, பின்னால தென்னந்தோப்பு, அதுக்கு அந்தாண்ட வயலு, வயலுக்கு அந்தாண்ட குளம். எங்க வீட்டு நாய் மணி. அண்ணாச்சி சொன்ன மண்ணு, முற்றம் எல்லாமே மணிக்கு இருந்துது. ஆனா அவனுக்குக் கிடைச்சது தொழுவத்துத் தூண்ல கட்டின ஆறடிச் சங்கிலி. பகல் பூரா கட்டு. ராத்திரி ஊரெல்லாம் தூங்கின பொறவு சில நாள் அவுத்து விடுவாங்க, சில நாள் மறந்துருவாங்க. சங்கிலி எட்டுற தூரத்துக்கு அவன் சுத்திச் சுத்தி வந்து தரையில ஒரு வட்டம் விழுந்து கெடந்தது. மழை பெஞ்சா வட்டத்துல தண்ணி நிக்கும், அவன் அதுலயே நிப்பான். எங்க அம்மை மட்டும் வைக்கோல் அள்ளிப் போடுவா. அவன் செத்த பிறகு அந்த வட்டத்துல புல்லு முளைக்க ஒரு மழைக்காலம் ஆச்சு.

நாங்க யாரும் கெட்டவங்க இல்ல. அப்பா மணிக்குச் சோறு வைக்காம சாப்பிட உக்கார மாட்டாரு. ஆனா அவனைக் கூட்டிட்டு ஒரு நாள் குளத்தங்கரை வரைக்கும் நடந்ததா எனக்கு ஞாபகமே இல்ல. நாயைக் கூட்டிட்டு நடக்கது வெள்ளைக்காரன் பண்ணுற கோட்டித்தனம்னு அப்போ நினைப்பு.

மேல சொன்ன அதே 11-ம் பிரிவுல இன்னொரு வரியும் உண்டு. எப்பவும் கட்டிப்போட்ட, இல்லாட்டா அடைச்சு வச்ச நாயை, தேவையான அளவுக்கு நடமாட விடாம இருக்கதும் குற்றம். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி ராஜ்யசபையில போராடினதோட பலன் இந்தச் சட்டம். 1962-ல விலங்குகள் நல வாரியம் வந்தப்போ அதுக்கு முதல் தலைவரும் அந்த அம்மாதான். அபராதம் எவ்வளவு தெரியுமா? முதல் தடவைன்னா 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைக்கும். இன்னைக்கு வடசேரி பஸ் ஸ்டாண்டுல அந்தப் பத்து ரூபாய்க்கு ஒரு டீ கிடைக்காது. அது போகட்டும். சட்டம் கேக்குற கேள்வியை மட்டும் கவனிங்க. உன் வீடு எத்தனை சதுர அடின்னு கேக்கல. முற்றம் இருக்கான்னு கேக்கல. நாயை நடக்கக் கூட்டிட்டுப் போனியான்னுதான் கேக்குது.

அந்தக் கணக்குல பார்த்தா, எங்க மணியை விட டீச்சர் வீட்டு ஜிம்மி ராஜா. காலையில ஆறு மணிக்கு ஒரு நடை, சாயங்காலம் அஞ்சரைக்கு ஒரு நடை. மத்த நேரமெல்லாம் டீச்சர் காலடியில. ரெண்டு பெட்ரூம் பிளாட்டுதான், ஆனா பதினோரு வருஷமா அந்த நாய் தனியா கெடந்த நாளை விரல் விட்டு எண்ணிரலாம்.

"டிவியில பார்க்கலையா? சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டில்லா!"

சொல்லிச்சு. ஆனா எதைப் பத்தி? 2025 ஆகஸ்ட் 11-ந் தேதி டெல்லிப் பக்கத்துத் தெருநாய்களைப் பிடிச்சுக் காப்பகத்துல அடைக்கணும்னு உத்தரவு. பதினோரு நாள் கழிச்சு, 22-ந் தேதி, மூணு நீதிபதி பெஞ்ச் அதை மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு பிடிச்ச இடத்துலயே விடுங்க, வெறிநாயையும் ஆளைப் பாய்ஞ்சு கடிக்கிறதையும் மட்டும் விடாதீங்கன்னு சொல்லிச்சு. எல்லாம் தெருநாய்க் கதை. ரெண்டாவது மாடியில சோபாவுக்கு அடியில படுத்திருக்க ஜிம்மிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பயம் பொய்னு நான் சொல்ல வரல. எங்க தலைமுறைக்கு நாய்க்கடின்னா தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசிதான் ஞாபகம் வரும். அந்தப் பழைய மருந்து போயி, கையில போடுற நாலஞ்சு ஊசி வந்து இருபது வருஷம் ஆச்சு. ஆனா வெறிநோய் அறிகுறி வந்துட்டா ஆளைக் காப்பாத்த ஏறக்குறைய வழியே இல்லைங்கது இன்னைக்கும் மாறல. 2024 மே மாசம் சென்னை நுங்கம்பாக்கத்துல ஒரு பார்க்குல ரெண்டு ராட்வைலர் அஞ்சு வயசுப் பிள்ளையைக் குதறிச்சு. அதைப் படிச்சுட்டு எந்தத் தாய் தகப்பன் பயப்பட மாட்டான்? அதனால கேளுங்க. தடுப்பூசிச் சீட்டைக் காட்டுன்னு வருஷா வருஷம் கேளுங்க. பொது இடத்துல கயிறு இல்லாம கூட்டிட்டு வராதேன்னு சொல்லுங்க. சென்னை மாநகராட்சி லைசென்ஸ், மைக்ரோசிப்னு கெடுபிடி ஆக்கி, லைசென்ஸ் இல்லைன்னா 5,000 ரூபாய் அபராதம்னு 2025-ல கொண்டு வந்துட்டு. நல்ல விஷயம்தான். வீட்டு நாய் அசிங்கம் பண்ணினா வளர்க்கவங்களே அள்ளணும், லிஃப்ட்ல சின்னப் பிள்ளை நின்னா அடுத்த தடவை ஏறணும், இதெல்லாம் நாங்க பேசி ஒரு தாள்ல எழுதியிருக்கலாம். அதுக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். பார்க்கிங்குக்கு ஒரு மணி நேரம் இருந்த எங்களுக்கு இதுக்கு அரை மணி நேரம் இல்லாம போச்சு.

சரி, இவ்வளவு பேசுறியே, நீ நாய் வாங்கப் போறியான்னு கேப்பீங்க. இப்போ அடுத்த கட்சிக்காரங்க கிட்டயும் கொஞ்சம் பேசணும். நாய்ப் பிரியர்களே, சந்தோஷப்படாதீங்க, உங்களுக்கும் இருக்கு :-)

2003-ல ஹட்ச் செல்போன் விளம்பரம் வந்தது ஞாபகம் இருக்கா? ஒரு சின்னப் பையன், அவன் போற இடமெல்லாம் பின்னாலயே போற ஒரு பக் நாய்க்குட்டி. அதுக்கப்புறம் ஊரெல்லாம் பக் நாய். ஹட்ச் போயி வோடஃபோன் வந்தது, அதுவும் வேற பேராச்சு. நாய்கள் மட்டும் வீட்டு வீட்டுக்கு மூச்சிரைச்சுக்கிட்டுக் கெடந்தது. நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கப் போட்டு இரைச்சுத்தான் சூட்டைத் தணிக்கணும். மூக்கையே சப்பையாக்கி வளர்த்தெடுத்த சாதி நம்ம ஊர் சித்திரை வெயில்ல எப்படி இரைக்கும்? நாம "க்யூட்டா குறட்டை விடுது"ன்னு வீடியோ எடுக்கோம், அது மூச்சுக்குத் திணறுது. தமிழ்நாடு அரசு 2024-ல கொண்டு வந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையில, இங்க இனவிருத்தி செய்யக் கூடாத வெளிநாட்டுச் சாதிகள்னு ஒரு பட்டியல் இருக்கு. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு மாதிரி பனியில வாழ வேண்டியதுகளோட சேர்த்து பக்கும் அதுல உண்டு.

"பிளாட்டுக்குச் சின்ன நாய்தான் சரி"ன்னு சொல்லுகவங்க எல்லாருக்கும் ஒரு வார்த்தை. நாய் சின்னதா இருந்தா வேலை சின்னதா ஆகாது. ரெண்டு மாசக் குட்டி பகல்ல ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா மூத்திரம் போகும். யாராவது பக்கத்துல இருந்து பழக்கணும். சின்னச் சாதி நாய் பன்னிரண்டு, பதினஞ்சு வருஷம் இருக்கும். இன்னைக்குப் பத்து வயசுல குட்டியைக் கொஞ்சப் போற என் மகள் காலேஜ் முடிச்சு எந்த ஊருக்குப் போவாளோ தெரியாது. நாய் அப்பவும் இங்க இருக்கும், கண்ணுல புரையோட, ஜிம்மி மாதிரி. பொறந்தநாளுக்கு நாய்க்குட்டி வாங்கிக் கொடுக்கவங்க அந்த ஜிம்மியை ஒரு தடவை பார்த்துட்டு வாங்கட்டும்.

எங்க வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நானும் தங்கமணியும் காலையில எட்டரைக்குக் கிளம்புவோம். பிள்ளை அதுக்கும் முன்னால ஸ்கூல் வேன்ல ஏறிருவா. அவ டியூஷன் முடிச்சு, நாங்க திரும்பி வந்து கதவு திறக்கும்போது மணி ஆறரை. பத்து மணி நேரம். அந்தப் பத்து மணி நேரமும் ஒரு குட்டி தனியா பால்கனிக் கம்பியைப் பார்த்துக்கிட்டு ஊளையிடும். பக்கத்து வீட்டுக்காரர் "சவம் என்னா கத்து கத்துகு"ன்னு புகார் கொடுப்பாரு. நாம நாயோட குணம் சரியில்லைம்போம். குறை நம்ம ஆபீஸ் நேரத்துல இருக்கும். மணிக்கு ஆறடிச் சங்கிலி போட்டோம்னு மேல அழுதேனே, அந்தச் சங்கிலியை எடுத்துட்டுப் பூட்டின கதவைப் போட்டா அது கருணை ஆயிருமா?

அதனால எங்க வீட்டுல இப்போதைக்கு நாய் இல்ல. நாலு நாள் யோசிச்சு எடுத்த முடிவு. ஆனா காரணம் பிளாட்டு இல்ல, அசோசியேஷன் தீர்மானமும் இல்ல. காரணம் அந்தப் பத்து மணி நேரம். எங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வீட்டுல இருந்து வேலை பார்க்க வாய்ச்சாலோ, ஊர்ல இருந்து அம்மை எங்க கூட வந்து இருக்க சம்மதிச்சு, "எனக்கும் ஒரு துணை வேணும்"னு அவளே கேட்டாலோ, அன்னைக்கு மறுபடி பேசுவோம். அம்மை கேக்காம அவ தலையில கட்டக் கூடாது, அதுவும் சேர்த்துத்தான். மகளை உக்கார வச்சு இதையெல்லாம் சொன்னேன். அழுதா. ஆனா "அசோசியேஷன்ல விட மாட்டாங்க"ன்னு பொய் சொல்லி நிறுத்தியிருந்தா அழாம இருந்திருப்பாளான்னு கேட்டா, அப்பவும் அழுதிருப்பா. இப்போ அழுகைக்கு உண்மையான காரணமாவது இருக்கு.

நேத்து சாயங்காலம் செயலாளர் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். என் ஆதரவை வாபஸ் வாங்குறேன்னு எழுதி, 2015 சுற்றறிக்கையை பிரிண்ட் எடுத்துக் கூட வச்சுக் கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தாரு. "தம்பி, அன்னைக்கு நீரும் கை தூக்கினீரு இல்லா?"

"ஆமா அண்ணாச்சி. அதனாலதான் எழுதித் தாறேன்."

"பதினாறு கை மிச்சம் இருக்குவே."

இருக்கட்டும். அடுத்த மீட்டிங் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. அன்னைக்கு வாயைத் திறந்து பேசப் போறேன். மேல சொன்ன விதிமுறையெல்லாம் ஒரு தாள்ல எழுதியும் வச்சிருக்கேன். அந்தப் பதினாறுல நாலஞ்சு பேராவது என்னை மாதிரி வேற ஏதோ சௌகரியத்துக்காகத் தூக்கினவங்களா இருப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை.

அங்கேருந்து நேரா டீச்சர் வீட்டுக்கு. கதவைத் திறந்தாங்க. ஜிம்மி மெதுவா வந்து என் செருப்பை மோந்து பார்த்துட்டு அங்கேயே படுத்துக்கிட்டுது. மன்னிப்புக் கேக்க வாயெடுத்தேன்.

"நீ கை தூக்கினதை நான் பார்க்கல மக்களே. அன்னைக்குக் கண்ணாடி போடாம வந்துட்டேன்"னாங்க.

கண்ணாடி அன்னைக்கு அவங்க மூக்கு மேலதான் இருந்துது. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

கிளம்பும்போது, "எனக்கு முட்டு வலி ஜாஸ்தி ஆயிட்டு, சாயங்கால நடைக்கு உன் மகளை அனுப்புவியா?"ன்னு கேட்டாங்க. இன்னைக்கு டியூஷன் இல்ல. அஞ்சரைக்கே போயிட்டா.

டிஸ்கி 1: உங்க அபார்ட்மெண்ட்லயும் இந்த மாதிரித் தீர்மானம் ஏதாவது தூங்கிக்கிட்டு இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. கை தூக்குறதுக்கு முன்னால பாத்தா இன்னும் நல்லது.

டிஸ்கி 2: "அப்போ பூனை?"ன்னு யாரும் பின்னூட்டத்துல கேக்காதீங்க. மகள் ஏற்கெனவே கேட்டுட்டா. அவ்வ்வ்வ்...